எச்டி 650-க்கு அடுத்து எது? உயர்ரக ஹெட்ஃபோன்களின் ஒலியும் தலையில் உட்காரும் விதமும்

கேள்வி இது: ஐந்து வருடமாக சென்ஹைசர் எச்டி 650 வைத்திருக்கிறேன். அடுத்து ஒரே ஒரு உயர்ரக ஓபன்-பேக் (கப்பின் வெளிப்பக்கம் திறந்த வகை) ஹெட்ஃபோன் வாங்கலாம் என்று இருக்கிறேன். சென்ஹைசர் எச்டி 800 எஸ், ஃபோகல் யுடோப்பியா, ஆடிஸி எல்சிடி-எக்ஸ், மெஸ்ஸே எம்பிரியன், ஹைஃபைமேன் சுஸ்வாரா, இந்த ஐந்தில் ஒலி எதில் சிறந்தது? ஒரு முழுக் கச்சேரியை மூன்று மணி நேரம் கழற்றாமல் கேட்க எது தோதானது? கண்ணாடி போடுகிறேன். அறையில் ஏசி இல்லை, மின்விசிறிதான். மேசையில் ஒரு சின்ன டெஸ்க்டாப் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தலை, கண்ணாடி, அறை, ஆம்ப் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எச்டி 800 எஸ்தான் முதலில் வருகிறது. அதன் ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலிகள், உங்கள் காதுக்குக் கூசினால் எம்பிரியன். யுடோப்பியா சில விஷயங்களில் இரண்டையும் தாண்டிப் போகும், ஆனால் மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அதை நான் சொல்ல மாட்டேன். எல்சிடி-எக்ஸ் எடையால் தள்ளிப்போகிறது, சுஸ்வாரா உங்கள் ஆம்ப்பால் தள்ளிப்போகிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் காது என் காதிலிருந்து வேறுபடும் இடத்தில் நீங்களே முடிவெடுக்க அது உதவும்.

ஒலிக்கு ஒரு மதிப்பெண், வசதிக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்டுவதுதான் வழக்கம். எனக்கு அந்தப் பிரிவினையே சரியாகப் படவில்லை. காதைச் சுற்றி உட்காரும் பேட் மெத்தை மட்டும் கிடையாது, அது ஒலியை எழுப்பும் டிரைவருக்கும் செவிப்பறைக்கும் நடுவே இருக்கும் அறையின் சுவர். அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒலி மாறும். தலையைப் பிடிக்கும் பிடி அதிகமானால் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, ஒருவிதமாகவும், தளர்ந்தால் வேறுவிதமாகவும் கேட்கும். பல வருடங்களுக்கு முன் நான் பிளானார் வகையில் கனமான ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். முதல் அரை மணி நேரம் அதைப்போல ஒன்றைக் கேட்டதே இல்லை என்று தோன்றியது. ஒன்றரை மணி நேரம் ஆனதும் பிடரி இறுக ஆரம்பிக்கும். கை தானாகவே மேலே போய் ஹெட்பேண்டை முன்னும் பின்னும் தள்ளும், ஒவ்வொரு தள்ளலுக்கும் கப் வேறு இடத்தில் உட்காரும், ஒலி லேசாக மாறும். கச்சேரியின் பிரதான ராகம் வரும் நேரத்தில் என் கவனம் பாடகரிடம் இருக்காது, கழுத்தில் இருக்கும். அதை விற்றுவிட்டேன். அன்றிலிருந்து எந்த ஹெட்ஃபோனையும் இரண்டாவது மணி நேரத்தில்தான் மதிப்பிடுகிறேன்.

புதியதைப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எச்டி 650-இன் பேட்களை இந்த ஐந்து வருடத்தில் மாற்றினீர்களா? இல்லையென்றால் முதலில் ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள். கப்பைத் திருப்பி விரலால் பேடை அழுத்திப் பாருங்கள். புதியது என்றால் விரலை எடுத்ததும் எழும்பி வரும். பழையது அமுங்கியபடியே கிடக்கும், தாடை படுகிற இடத்தில் வெல்வெட் துணி பள்ளமாகத் தெரியும். பஞ்சு இப்படிச் செத்துப்போனால் டிரைவர் காதுக்குக் கிட்டே வந்துவிடுகிறது. குரலின் அடிப்பகுதி தடிக்கிறது, மேலே இருக்க வேண்டிய காற்றோட்டம் குறைகிறது. 'எச்டி 650 மங்கலாக இருக்கிறது, அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்' என்று தோன்றுவதில் பாதி இந்தப் பஞ்சின் வேலையாக இருக்கலாம். 2003-இல் வந்த மாடல், 260 கிராம்தான் எடை. இன்றைக்கும் மனிதக் குரலை அதைவிட இயல்பாகத் தரும் ஹெட்ஃபோன்கள் மிகக் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். புது பேடோடு இரண்டு வாரம் கேளுங்கள். அப்புறமும் குறை தெரிந்தால் பணத்தை எடுக்கலாம்.

சரி, வகைகள். எச்டி 800 எஸ், யுடோப்பியா இரண்டும் டைனமிக்: காந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள் ஒரு படலத்தைத் தள்ளி இழுக்கிறது. மற்ற மூன்றும் பிளானார்: மெல்லிய படலத்தின் மேலேயே மின்தடம் ஓடுகிறது, அருகில் காந்தப் பட்டைகள் வரிசையாக நிற்கின்றன, படலம் பெரும்பாலும் ஒரே பரப்பாக அசைகிறது. பிளானாரின் பாஸ் அடிமட்டம் வரை சரியாமல் இறங்குவதும், அந்தக் காந்தங்களால் எடை ஏறுவதும் ஒரே வடிவமைப்பின் இரண்டு பக்கங்கள். மூன்றாவதாக, ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960-லிருந்து செய்துவரும் எலக்ட்ரோஸ்டாடிக் வகை இருக்கிறது. அதற்கு 580 வோல்ட் நிலையான மின்னழுத்தம் (பயாஸ்) தரும் தனி ஆம்ப் வேண்டும். உங்கள் பட்டியலில் இல்லாததால் விட்டுவிடுகிறேன்.

எச்டி 800 எஸ்ஸைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. 2009-இல் எச்டி 800 வந்தது. அதன் டிரைவர் 56 மில்லிமீட்டர் அகலம், ஆனால் நடுப்பகுதி கிடையாது, வளையமாக மட்டும் அசையும் படலம். பெரிய படலத்தின் நடுப்பகுதி தன் இஷ்டத்துக்கு ஆடுவதைத் தவிர்க்க இந்த ஏற்பாடு. அந்த டிரைவரைக் காதுக்கு நேர் எதிரே ஒட்டவைக்காமல், முன்பக்கமாகத் தள்ளி, சாய்த்து நிறுத்தினார்கள். முன்னால் இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி காது மடலில் எப்படிப் பட்டுத் திரும்பி உள்ளே போகுமோ, ஏறக்குறைய அப்படிப் போகிறது. இதன் சவுண்ட்ஸ்டேஜ், அதாவது ஒலி விரியும் மேடை, அகலமானது என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். கடம் வலது ஓரத்தில், வயலின் இடது பக்கம், பாடகர் நெற்றிக்கு இரண்டு சாண் முன்னால் என்று இடம் பிரித்துச் சொல்ல முடிகிறது.

வசதியும் அதே வடிவமைப்பிலிருந்துதான் வருகிறது. டிரைவரைத் தள்ளி வைக்க வேண்டுமென்றால் கப் பெரிதாக வேண்டும். கப் பெரிதானதால் காது எதிலும் உரசுவதில்லை. எச்டி 650 போட்டால் காது நுனி உள்ளே துணியில் படும், இல்லையா? இதில் காதைச் சுற்றி விரல் விடும் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். பேட் நுண்ணிழைத் துணியால் ஆனது, தோல் கிடையாது. எடை 330 கிராம். பிடி எச்டி 650-ஐவிடத் தெளிவாகத் தளர்வானது. போட்டுப் பத்து நிமிடத்தில் போட்டிருப்பதே மறந்துபோகும். ஒன்றுதான் பார்க்க வேண்டும்: ஒடுங்கிய முகமாக இருந்தால் காதுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் பேட் முழுதாகப் படியாமல் இடைவெளி விழலாம். முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குறை எங்கே என்றால், பழைய எச்டி 800-இல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மையான எழுச்சி இருந்தது. பாடகரின் 'ச', 'ஷ' எல்லாம் ஊசி மாதிரி குத்தும். 2016-இல் வந்த எஸ் பதிப்பில் அந்த அலைவரிசையை மட்டும் விழுங்கும் ஓர் உறிஞ்சியைக் கப்புக்குள் வைத்தார்கள். குத்தல் பெரும்பாலும் போய்விட்டது, முழுசாகப் போகவில்லை. இதைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் தம்புராவைத்தான் வைத்துக் கேட்கிறேன். தம்புராவின் பாலத்தில் தந்திக்கு அடியில் ஜீவாளி என்று ஒரு நூல் வைப்பார்கள். அந்த நூல் சரியான இடத்துக்கு வந்ததும் தந்தி ஒரே சுரமாக இல்லாமல் மேற்சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்து ரீங்கரிக்கும். நல்ல ஹெட்ஃபோனில் அந்த விரிப்பு இடையில் எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். ட்ரெபிளில் எழுச்சி இருக்கும் ஹெட்ஃபோனில் நடுவே ஓர் இடத்தில் மட்டும் தகரம் தட்டிய மாதிரி ஒரு பளிச்சிடல் வரும். எச்டி 800 எஸ்ஸில் அது லேசாக இருக்கிறது. அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 6 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி 2, 3 டெசிபல் குறைத்தால் அடங்கிவிடும். ஆரம்பத்தில் ஈக்வலைசர் போடுவது குற்றம் என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது இந்த ஹெட்ஃபோனை அது இல்லாமல் கேட்பதில்லை.

பாஸ் சுத்தமானது, ஆனால் அடிமட்டத்தில் கொஞ்சம் மெலிந்தது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் கும்கி இழுக்கும்போது அதன் வளைவு துல்லியமாகக் கேட்கும், வயிற்றில் உணரும் கனம் குறைவாக இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சபா கச்சேரிகளின் பழைய ஒலிநாடாப் பதிவுகள் நிறையக் கேட்பவர் என்றால், நாடாவின் இரைச்சல், மைக்கின் கரகரப்பு, பக்கத்து இருக்கை இருமல் எல்லாவற்றையும் இது கொண்டுவந்து முன்னால் நிறுத்தும். எனக்கு அது பிடிக்கும், அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். என் வீட்டில் வேறொருவருக்கு அது ஐந்து நிமிடத்தில் தலைவலி.

யுடோப்பியாவுக்கு வருகிறேன். பிரான்சில் சான்த்-எத்தியென் நகரத்தில் இருக்கும் ஃபோகல் அடிப்படையில் ஸ்பீக்கர் கம்பெனி. 2016-இல் வந்த யுடோப்பியாவில் 40 மில்லிமீட்டர் டிரைவர், எம் எழுத்தின் குறுக்குவெட்டில் சுத்தமான பெரிலியத்தால் ஆன குவிமாடம். பெரிலியம் மிக லேசானது, அதே சமயம் மிக விறைப்பானது. தொட்டதும் அசையும், விட்டதும் நிற்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு 'தீம்' விழுந்தால் விரல் தோலில் படும் கணம், தோல் திரும்ப எழும் கணம் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். இந்தத் தாக்கத்தை, தாளவாத்தியத்தின் இந்த உயிரை, பட்டியலில் வேறு எதுவும் இப்படித் தராது. தனி ஆவர்த்தனம் கேட்பதற்கென்றே ஒரு ஹெட்ஃபோன் வேண்டுமென்றால் இதைத்தான் வாங்குவேன்.

ஆனால் எல்லாம் கிட்டத்திலேயே நடக்கிறது. எச்டி 800 எஸ் பத்தாவது வரிசை என்றால் இது மேடைக்குக் கீழே முதல் வரிசை. சிலருக்கு அதுவே வேண்டியதாக இருக்கும். 490 கிராம் எடை, ஆட்டுத்தோல் பேட். தோலில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருந்தாலும் ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், நாற்பது நிமிடத்தில் காதுக்குப் பின்னால் வியர்வை கோத்துக்கொள்கிறது. எடை உச்சந்தலையில் இறங்குகிறது. ஒரு மணி நேரம் கேட்டு, பத்து நிமிடம் கழற்றி வைத்து, மறுபடி போட்டுக்கொள்பவருக்கு இது குறையே இல்லை. நீங்கள் கேட்டது மூன்று மணி நேரம்.

எல்சிடி-எக்ஸ் 612 கிராம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டால்கூட இதைவிடக் குறைவுதான். 106 மில்லிமீட்டர் பிளானார் டிரைவர், அதனால்தான் அந்தப் பாஸ்: 20 ஹெர்ட்ஸ் பக்கம் வரை தளராமல், இறுக்கமாக, அளவாக இறங்கும். இசைத் தயாரிப்பு செய்பவர்கள் இதை விரும்புவதில் ஆச்சரியமில்லை. குரலின் மேல் பகுதியில், 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, கொஞ்சம் பின்வாங்கல் உண்டு. மனிதக் காதுக் குழாயின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர், அந்த நீளத்துக்கு 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் இயற்கையாக ஒலி பெருகும், அந்தப் பெருக்கத்தோடுதான் நாம் பிறந்ததிலிருந்து குரல்களைக் கேட்டுவருகிறோம். ஹெட்ஃபோன் அதைக் குறைத்துக் காட்டினால் பாடகர் ஒரு மெல்லிய திரைக்குப் பின்னால் நின்றது போல இருக்கும். ஈக்வலைசரால் சரிசெய்யலாம். எடையை எதனால் சரிசெய்வது? இதே ஆடிஸி 2021-இல் எல்சிடி-5 கொண்டுவந்தபோது 420 கிராமுக்கு இறக்கினார்கள், எடை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதுவே சாட்சி. பட்ஜெட் ஏறும்.

எம்பிரியன் 430 கிராம். காகிதத்தில் பார்த்தால் யுடோப்பியாவைவிட 60 கிராம்தான் குறைவு. தலையில் போட்டால் பாதி எடை போலத் தெரிகிறது, அதன் ரகசியம் ஹெட்பேண்ட். இருபக்கமும் இறக்கை மாதிரி விரியும் அகலமான தோல் பட்டை, மேலே கார்பன் ஃபைபர் வளைவு. கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால், பட்டை உச்சியில் மட்டும் படாமல் நெற்றி மேட்டிலிருந்து பின்தலை வரை இறங்கும்படி வெட்டியிருப்பது தெரியும். ஒரு சுமையைக் கயிற்றால் தோளில் மாட்டுவதற்கும் அகலமான துணியால் மாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதுவரை நான் போட்ட உயர்ரக ஹெட்ஃபோன்களில் எடையைப் பங்கிடுவதில் இதற்குச் சமமாக ஒன்று இல்லை. மெஸ்ஸே ருமேனியாவின் பாயா மாரே நகரத்தில் இருக்கிறது; 2018-இல் வந்த எம்பிரியனின் டிரைவரை உக்ரைனின் ரினாரோவோடு சேர்ந்து உருவாக்கினார்கள். முட்டை வடிவப் படலத்தில் இரண்டு விதமான மின்தடங்கள்: தாழ்ந்த ஒலிகளுக்கு ஒன்று, காதுத் துளைக்கு நேராக நடு, மேல் ஒலிகளுக்கு இன்னொன்று.

இரண்டு ஜோடி பேட்கள் வருகின்றன, காந்தத்தால் ஒட்டிக்கொள்பவை. ஒன்று முழுத் தோல், இன்னொன்று அல்கன்டாரா துணி கலந்தது. டக்கென்று கழற்றி மாட்டலாம். உங்கள் அறைக்குத் துணி பேட்தான். இரண்டுக்கும் ஒலி வித்தியாசம் இருக்கிறது, முதல் நாளே இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

இதன் ஒலி கதகதப்பானது, பாஸும் நடுப்பாஸும் தாராளம். ஆண் குரலுக்குக் கனமும் வீணையின் மந்தர ஸ்தாயிக்கு உடம்பும் கிடைக்கும். நான் சொன்ன பழைய ஒலிநாடாக்களை இது மன்னித்துவிடும், இரைச்சல் பின்னால் போய்விடும். அதற்குப் பதிலாக எச்டி 800 எஸ் தரும் தெளிவும் பிரிவும் கிடைக்காது. வயலினும் குரலும் ஒரே சுரத்தில் சேரும் இடங்களில் இரண்டும் கொஞ்சம் கலந்துபோகும். எச்டி 650-இலிருந்து வருபவருக்கு இது அதே குடும்பத்தின் பெரிய வீடு மாதிரி இருக்கும். புது அனுபவம் வேண்டும் என்பவருக்கு அந்த ஒற்றுமையே ஏமாற்றமாக இருக்கலாம். 2023-இல் வந்த எம்பிரியன் 2 இன்னும் லேசானது, 385 கிராம். ட்ரெபிளும் முந்தையதைவிடத் திறந்திருக்கிறது. கிடைத்தால் அதைக் கேளுங்கள்.

சுஸ்வாராவைக் கடைசியாக வைத்தேன், ஏனென்றால் நல்ல ஆம்ப்பில் கேட்டால் ஐந்திலும் இதுதான் எனக்கு மிக இயல்பாகக் கேட்கிறது. எந்த அலைவரிசையும் தனியாகத் துருத்தாது. தம்புரா சோதனையில் எங்கும் தடுக்காமல் போவது இதில்தான். 450 கிராம் எடையைத் தொங்கும் தோல் பட்டை நன்றாகத் தாங்குகிறது, கப்பும் காது வடிவத்துக்கே பெரிதாக இருக்கிறது. பிரச்சினை வேறு இடத்தில். இதன் உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான். இசையின் உச்சங்கள் 110 டெசிபல் வரை போக வேண்டுமென்றால் 27 டெசிபல் கூடுதலாக வேண்டும். அதாவது சுமார் 500 மில்லிவாட், 60 ஓமில் 5.5 வோல்ட். எச்டி 800 எஸ் 1 வோல்ட்டுக்கு 102 டெசிபல் தருகிறது. அதே 110-க்கு 2.5 வோல்ட், 21 மில்லிவாட் போதும். இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். சின்ன ஆம்ப்பில் சுஸ்வாரா பேசாமல் இருக்காது, சத்தமும் வரும், ஆனால் தவில் மாதிரி திடீரென்று எழும் ஒலியில் உச்சம் நறுக்கப்பட்டு, தட்டையாகிவிடும். ஸ்பீக்கர் ஆம்ப்பில் இணைத்துக் கேட்பவர்களே இருக்கிறார்கள். அறிமுகமானபோது 6,000 டாலர், ஆம்ப் தனி. அந்தப் பயணத்துக்கு நீங்கள் தயாரா என்பது வேறு கேள்வி.

ஆம்ப் பேச்சு வந்ததால் ஒன்று: எச்டி 650, எச்டி 800 எஸ் இரண்டின் இம்பீடன்ஸும் (மின்மறுப்பு) 300 ஓம். வெளியீட்டு மின்மாற்றி இல்லாத வால்வ் ஆம்ப்களோடு இவை நன்றாகப் போகும். அந்த ஆம்ப்களின் கூடுதல் அவுட்புட் இம்பீடன்ஸ் பாஸை லேசாக உயர்த்தும், எச்டி 800 எஸ்ஸுக்கு அது பொருத்தமாகவே இருக்கும். 20 ஓம் எல்சிடி-எக்ஸை அதே ஆம்ப்பில் மாட்டினால் சக்தியும் வராது, கட்டுப்பாடும் இருக்காது. உங்கள் டெஸ்க்டாப் ஆம்ப் டிரான்சிஸ்டர் வகை என்றால் சுஸ்வாரா தவிர எதற்கும் கவலை வேண்டாம்.

இனி கண்ணாடி. இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. கண்ணாடிக் காம்பு பேடுக்கும் தலைக்கும் நடுவே போகிறது. அது தூக்கும் இடத்தில் ஒரு சின்னக் கால்வாய் உண்டாகி, அதன் வழியே காற்று கசிகிறது. பிளானாரில் கசிவு என்றால் அடிப்பாஸ் நேராகக் குறையும். கண்ணாடி போட்டுக்கொண்டு எல்சிடி-எக்ஸைக் கேட்டுவிட்டு 'பாஸ் என்று சொன்னார்களே, எங்கே?' என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். செல்பேசியில் 40 ஹெர்ட்ஸ் தொடர் ஒலி ஒன்றை வைத்து, மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். கண்ணாடியோடு ஹெட்ஃபோனைப் போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் பேட் ஓரங்களை மெதுவாக உள்ளே அழுத்துங்கள், கப்பின் வெளித்துளைகளை மூட வேண்டாம். அழுத்தும்போது ஒலி சட்டென்று பெருகி, விட்டதும் வடிந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய உலோகக் காம்பு உள்ள கண்ணாடியில் இது பெரும்பாலும் மறைந்துவிடும். தடித்த பிளாஸ்டிக் காம்பு என்றால் கசிவோடு வலியும் வரும், பேட் காம்பைக் காதின் மேல் எலும்பில் அழுத்தும், அரை மணி நேரத்தில் கழற்றத் தோன்றும். எச்டி 800 எஸ் இங்கேயும் ஜெயிக்கிறது. பிடி மென்மையானது, எம்பிரியன் அதற்கு அடுத்து. இசை கேட்க மட்டும் ஒரு மெல்லிய காம்புக் கண்ணாடி செய்துகொள்வது, எந்த கேபிள் மாற்றத்தைவிடவும் அதிகப் பலன் தரும் செலவு.

அப்புறம் மின்விசிறி. ஐந்துமே ஓபன்-பேக், வெளிச்சத்தம் தடையில்லாமல் உள்ளே வரும். தலைக்கு நேர் மேலே மின்விசிறி ஓடினால் காற்று கப்பின் வலையில் பட்டு 'உஸ்' என்ற ஓசை தொடர்ந்து கேட்கும். அதை மூழ்கடிக்க நம்மை அறியாமல் வால்யூமைக் கூட்டுவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் சராசரி. தினமும் கச்சேரி கேட்பவர் இதை மனதில் வைக்க வேண்டும், போன காது திரும்பாது. நாற்காலியை மின்விசிறிக்கு நேர்கீழே இல்லாமல் அறையின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். காற்று உடம்பில் படட்டும், கப்பில் படாமல் இருக்கட்டும். பின்னிரவில் வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால் எச்டி 800 எஸ்ஸின் அமைதி என்ன என்பது புரியும். வெளிச்சத்தம் தீராத பிரச்சினை என்றால் டான் கிளார்க் ஆடியோவின் ஸ்டெல்த் போன்ற மூடிய வகையைப் பார்க்கலாம். 415 கிராம், மூடியதில் இவ்வளவு சீரான ஒலி அபூர்வம். ஆனால் மூடிய கப்பும் வெயில் காலமும் ஒத்துப்போவதில்லை.

ஒப்பிட்டுக் கேட்கும் முறையில் ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள்: வால்யூமைச் சமன்செய்யாமல் மாற்றி மாற்றிக் கேட்பது. ஒரு டெசிபல் அதிகமாக இருப்பது 'சத்தமாக' என்று தெரியாது, 'தெளிவாக, உயிரோட்டமாக' என்றே தெரியும். ஒரே வால்யூம் நிலையில் எல்சிடி-எக்ஸையும் எச்டி 800 எஸ்ஸையும் மாற்றி மாட்டினால் இரண்டின் சத்தமும் வேறு. பிங்க் நாய்ஸ் என்னும் சீரான இரைச்சலை ஓடவிட்டு இரண்டும் ஒரே அளவாகக் கேட்கும் இடத்தைக் காதால் கண்டுபிடித்து, அந்த இரண்டு வால்யூம் நிலைகளையும் குறித்துக்கொண்டால் போதும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு 2012-லிருந்து செய்த ஆய்வுகளில், பெயர் தெரியாமல் கேட்கும்போது பெரும்பாலானவர்களுக்குப் பிடிப்பது நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பதைப் போன்ற ஒலிச் சமநிலைதான் என்று வந்தது. விலைப்பட்டியல் அங்கே உதவவில்லை. எச்டி 800 எஸ் அறிமுக விலை 1,699 டாலர், எம்பிரியன் 2,999, யுடோப்பியா 3,999. இந்த வரிசையில் ஒலி ஏறிக்கொண்டே போகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆகவே நான் செய்யச் சொல்வது: உங்கள் எச்டி 650-க்குப் புது பேட். அதையும் உங்கள் கண்ணாடியையும் உங்கள் ஆம்ப்பையும் எடுத்துக்கொண்டு, எச்டி 800 எஸ்ஸும் எம்பிரியனும் வைத்திருக்கும் ஒரு நண்பர் வீட்டுக்கோ, உட்கார்ந்து கேட்க விடும் கடைக்கோ போங்கள். காலை நேரம் போங்கள், காது களைத்திருக்காது. நன்றாகத் தெரிந்த ஒரே கச்சேரியை, முதல் வர்ணத்திலிருந்து மங்களம் வரை, எச்டி 800 எஸ்ஸில் மட்டும் கேளுங்கள். எம்பிரியனுக்கு இன்னொரு நாள். பிரதான ராகம் முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது ஒருமுறை நேரத்தைப் பாருங்கள். அதுவரை கை ஒரு தடவைகூட ஹெட்பேண்டுக்குப் போகவில்லை என்றால், அந்தப் பெட்டியைத்தான் வீட்டுக்கு எடுத்துவர வேண்டும்.